முளையிலே தெரியாத பயிர்கள்

2013 டிசம்பரில் புதுடில்லியில் இளையோர் உலகக் கிண்ண ஹாக்கி நடந்தது. கே. தர்மராஜ் பயிற்றுவித்த மலேசிய அணி அரையிறுதி வரை போய், உலகின் நான்காவது அணியாக வீடு திரும்பியது. 21 வயதுக்குட்பட்டோரில் நமக்கு மேலே நின்றவை ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து என்று மூன்றே நாடுகள். இந்தப் பையன்களுக்கு 25 வயதாகும்போது நாம் எங்கே இருப்போம் என்று அன்று ஆசையோடு கணக்குப் போட்டவர்கள் நிறையப் பேர்.

25 வயதும் ஆனது. 2018இல் புவனேஸ்வரில் நடந்த உலகக் கிண்ணத்தில் 16 அணிகளில் நமக்கு 15ஆவது இடம். அதே ஆண்டு ஜகார்த்தா ஆசியப் போட்டியின் இறுதியாட்டத்தில் ஜப்பானோடு 6-6 என்று சமன் செய்து, பெனால்டி ஷூட்-அவுட்டில் தோற்று, கைக்கு எட்டிய தோக்கியோ ஒலிம்பிக் வாய்ப்பைத் தவறவிட்டோம். 2000ஆம் ஆண்டு சிட்னிக்குப் பிறகு மலேசிய ஆண்கள் ஹாக்கி அணி ஒலிம்பிக்கில் ஆடவே இல்லை.

ஜூனியரில் புலி, சீனியரில் எலி என்று இதைச் சுலபமாகச் சொல்லி முடித்துவிடலாம். பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளிலும் கிள்ளான் தேநீர்க் கடைகளிலும் பழைய ஆட்டக்காரர்கள் கூடும்போது பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: இந்தக் காலத்துப் பையன்களுக்கு ஒழுக்கம் போதாது, கஷ்டம் தெரியாது, கைப்பேசி கெடுத்துவிட்டது. அவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் இந்தத் தீர்ப்பை ஏற்க முடியவில்லை. விளையாட்டு அறிவியல் கடந்த நாற்பது ஆண்டுகளில் சேர்த்து வைத்திருக்கும் சான்றுகள் பையன்களைவிட அவர்களைத் தேர்ந்தெடுக்கும் கண்களைப் பற்றியும், தேர்ந்தெடுத்த பிறகு நாம் செய்வதைப் பற்றியும்தான் அதிகம் பேசுகின்றன.

முதலில் ஓர் எண். ஜெர்மனியின் ஆர்னே குல்லிச் தலைமையிலான ஆய்வாளர்கள் பல நாடுகளில், பல விளையாட்டுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியிட்டார்கள். 17, 18 வயதில் அனைத்துலகத் தரத்தில் ஆடியவர்களில் ஏறக்குறைய 89 விழுக்காட்டினர், பெரியவர்கள் பிரிவில் அந்தத் தரத்தை எட்டவே இல்லை. திருப்பிப் பார்த்தாலும் அதே கதை. பெரியவர்கள் பிரிவில் அனைத்துலகத் தரத்தில் ஆடியவர்களில் 82 விழுக்காட்டினர், 17, 18 வயதில் அந்தத் தரத்தில் இருந்ததே இல்லை. ஜூனியர் நட்சத்திரங்களும் சீனியர் நட்சத்திரங்களும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்று நாம் நம்பி வந்திருக்கிறோம். விளையாட்டுத் திடலில் அது பெரும்பாலும் தெரிவதில்லை.

ஏன் தெரிவதில்லை? கனடாவின் பனி ஹாக்கி இதற்கு ஒரு நல்ல ஆய்வுக்கூடம், ஏனென்றால் அங்கே தேர்வு முழுவதும் பதிவேட்டில் இருக்கிறது. வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் ஆண்டுதோறும் 'டிராஃப்ட்' என்ற ஏற்பாட்டில் கழகங்கள் 18 வயதையொட்டிய இளைஞர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கின்றன. யாரை எத்தனையாவதாக எடுத்தார்கள், அவர் பிறகு எத்தனை ஆட்டம் ஆடினார் என்பதெல்லாம் கணக்கில் உண்டு. 1980களில் உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லி லெத்பிரிட்ஜ் நகரில் ஓர் ஆட்டம் பார்க்கப் போனபோது, அவர் மனைவி பவுலா ஆட்ட மலரைப் புரட்டியபடி ஆட்டக்காரர்களின் பிறந்த தேதிகளைக் காட்டினார். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்றே வரிசையாக வந்தது. 1985இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுதான் இன்று 'ஒப்பீட்டு வயது விளைவு' என்று உலகம் முழுவதும் பேசப்படுகிறது. வயதுப் பிரிவின் எல்லை ஜனவரி 1 என்றால், ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தவன். பத்து வயதில் அந்த ஓராண்டு பெரிய விஷயம். உயரம், எடை, வேகம், தைரியம் எல்லாம் அவன் பக்கம். பயிற்றுநர் அதைத் திறமை என்று எடுத்துக்கொள்கிறார். நல்ல பயிற்சியும் நல்ல ஆட்டங்களும் அவனுக்கே போகின்றன.

இதன் விலையை 2013இல் ராபர்ட் டீனர் குழுவினர் கணக்கிட்டார்கள். 1980 முதல் 2007 வரை டிராஃப்டில் தேர்வான கனடியர்களில் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் 36 விழுக்காடு. ஆனால் பின்னர் ஆடிய ஆட்டங்களில் அவர்கள் பங்கு 28 விழுக்காடு, எடுத்த புள்ளிகளில் 25 விழுக்காடு மட்டுமே. ஜூலை முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் தேர்வில் 34 விழுக்காடு, ஆட்டங்களில் 42, புள்ளிகளில் 44. நம்பிக்கையோடு எடுக்கப்பட்டவர்கள் தேய்ந்தார்கள், தயங்கி எடுக்கப்பட்டவர்கள் வளர்ந்தார்கள். 1993இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட அலெக்சாண்டர் டெக் பெரிதாகச் சோபிக்கவில்லை. 1998இல் 171ஆவதாக எடுக்கப்பட்ட பாவெல் டாட்சுக்கும், 2000இல் 205ஆவதாக எடுக்கப்பட்ட ஹென்ரிக் லுண்ட்க்விஸ்டும் அந்த லீக்கின் மகத்தான ஆட்டக்காரர்கள் ஆனார்கள்.

பனிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நம் பள்ளி விளையாட்டிலும் வயதுப் பிரிவு பிறந்த ஆண்டைக் கொண்டே பிரிக்கப்படுகிறது. மாவட்டம், மாநிலம், தேசியம் என்று மூன்று படியிலும் எல்லை ஜனவரி 1தான். உங்கள் கைக்குக் கிடைக்கும் ஏதாவது ஒரு 15 வயதுக்குட்பட்டோர் அணிப் பட்டியலை எடுத்து, பிறந்த மாதங்களை எண்ணிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

பிறந்த மாதம் பாதிக் கதைதான். மீதிக் கதையைக் கிள்ளான் பண்டமாரான் ஹாக்கி அரங்கில் ஒரு தேர்வு நாள் காலையில் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு பையன்கள். ஒருவனுக்கு மீசை அரும்பி, குரல் உடைந்து, தொடை இறுகியிருக்கும். இன்னொருவனுக்குக் கால் காப்பு தொடை வரை ஏறி நிற்கும். முதலாமவன் பந்தை ஓங்கி அடித்தால் இருபத்தைந்து கெஜக் கோட்டிலிருந்து அது நேரே பலகையில் போய் மோதும். இரண்டாமவனால் அப்படி அடிக்க முடியாது. அதனால் அவன் வேறு வழி தேடுகிறான். பந்து வருவதற்கு முன்பே தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறான், முதல் தொடுகையிலேயே பந்தை எதிராளியின் மட்டைக்கு எட்டாத பக்கம் நிறுத்துகிறான், இடுக்கில் தள்ளிவிட்டு ஓடுகிறான். ஓங்கி அடித்தவன் பெயர் பட்டியலில் ஏறும். திரும்பிப் பார்த்தவன் பெயர் ஏறாது.

உடல் வளர்ச்சியில் ஒரு வேகக் கட்டம் உண்டு. ஆண் பிள்ளைகளுக்குச் சராசரியாக 14 வயதையொட்டி அது உச்சத்துக்கு வரும், பெண் பிள்ளைகளுக்குச் சுமார் இரண்டு ஆண்டு முன்னதாகவே. அந்த ஓராண்டில் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் வளர்வது சாதாரணம். ஒருவனுக்கு அது 12இல் வரலாம், இன்னொருவனுக்கு 16இல் வரலாம். அதனால் ஒரே பிறந்தநாள் கொண்ட இருவரின் எலும்பு வயதில் நான்கு ஆண்டு வரை வித்தியாசம் இருக்க முடியும். முன்னே வளர்ந்தவனின் அனுகூலம் 18, 19 வயதில் காணாமல் போகிறது. எல்லாரும் வளர்ந்துவிடுகிறார்கள். அதுவரை வேகத்தையும் பலத்தையும் மட்டுமே நம்பி ஆடியவன், அதே வேகமும் அதே பலமும் கொண்ட 27 வயதுத் தற்காப்பாளர் முன்னால் முதன்முறையாக நிற்கிறான். திரும்பிப் பார்க்கும் பழக்கம் அவனுக்கு இல்லை. தேவைப்பட்டதே இல்லையே!

வளரும் கட்டத்திலும் ஓர் ஆபத்து இருக்கிறது. கை கால் எலும்பு முதலில் நீளும், தசையும் தசைநாணும் பின்னால் வரும். நேற்று வரை சரியாகப் பந்தை நிறுத்தியவனின் மட்டை இன்று பந்துக்கு மேலே போகிறது. ஹாக்கியில் இடுப்பை மடித்துத் தாழ்வாக நிற்பது அடிப்படை. ஆறு மாதத்தில் கால் நீண்டுவிட்டால் அந்த நிலையை மறுபடியும் முதலிலிருந்து கற்க வேண்டும். முட்டி வலி, குதிகால் வலி, கீழ்முதுகு வலி வருவதும் அப்போதுதான். இந்த வயதில் பெனால்டி கார்னர் டிராக் ஃபிளிக்கை நாளுக்கு நூறு முறை செய்யச் சொன்னால், முழுதாக இறுகாத முதுகெலும்பு தாங்குமா? 'ஃபார்ம் போய்விட்டது' என்று சொல்லி ஒதுக்கப்படும் பையன்களில் பலருக்குப் போனது ஃபார்ம் இல்லை. அவர்கள் வளர்ந்துகொண்டிருந்தார்கள்.

சீக்கிரம் தொடங்கி ஒரே விளையாட்டில் மூழ்கினால்தான் உயரலாம் என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டுவிட்டது. உலகத் தரத்தை எட்டியவர்கள் சிறுவயதில் பல விளையாட்டுகளை ஆடியவர்கள், தங்கள் முக்கிய விளையாட்டைச் சற்றுத் தாமதமாகத் தொடங்கியவர்கள், தொடக்கத்தில் மெதுவாக முன்னேறியவர்கள் என்கின்றன குல்லிச் குழுவின் தொகுப்பாய்வுகள். 13 வயதில் வெற்றி வேண்டுமானால் சீக்கிரம் தொடங்குவது நல்லது. 25 வயதில் வேண்டுமானால் கணக்கு வேறு. புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி போன்ற இடங்களில் படிவம் ஒன்றிலேயே பிள்ளைகள் ஒரு விளையாட்டுக்கென்று சேர்கிறார்கள். அந்தப் பள்ளிகள் நாட்டுக்குச் செய்த நன்மையை மறுக்கவில்லை. ஆனால் 13 வயதில் அந்தக் கதவு திறக்காதவனுக்கு வேறு கதவு எங்கே இருக்கிறது?

உயிரியலும் உளவியலும் இத்தோடு முடிகின்றன. நம் நாட்டுக் கதையில் இன்னொரு பகுதி இருக்கிறது, அதைத்தான் நான் மிகவும் கவலையோடு பார்க்கிறேன்.

1975 மார்ச்சில் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ணத்தில் மலேசியா நான்காவதாக வந்தது. அரையிறுதியில் இந்தியாவிடம் கூடுதல் நேரத்தில் 3-2 என்றுதான் தோற்றது. அந்த இந்தியாதான் கிண்ணத்தை வென்றது. ஹோ கோ சாய் பயிற்றுவித்த அந்த அணியில் ஸ்ரீ சண்முகநாதன், மகேந்திரன், பாலசிங்கம் என்று தமிழ்ப் பெயர்கள் இருந்தன. அந்தத் தலைமுறைக்கு ஹாக்கி சம்பளம் கொடுக்கவில்லை, ஆனால் ஹாக்கியால் வேலை கிடைத்தது. ரயில்வே, மின்சார வாரியம், காவல்துறை, இராணுவம் எல்லாம் அணி வைத்திருந்தன. காலையில் அலுவலகம், மாலையில் திடல். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஊழியர்களுக்காக 1905இல் கட்டப்பட்ட நூறு குவார்ட்டர்ஸ் போன்ற குடியிருப்புகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, ஆடிக்கொண்டே வேலை பார்க்கும் பெரியவர்கள் பக்கத்து வீட்டிலேயே இருந்தார்கள். 19 வயதுப் பையன் தடுமாறினால் பிடித்துக்கொள்ள ஒரு நிறுவனம் இருந்தது. அவன் 23 வயதில் மலரலாம், யாரும் அவசரப்படவில்லை.

இன்று நூறு குவார்ட்டர்ஸ் இல்லை. ரயில் யார்டு இருந்த இடத்தில் கேஎல் சென்ட்ரல் நிற்கிறது. 1976 மொன்றியல் ஒலிம்பிக்கிலிருந்து ஹாக்கி செயற்கைத் தளத்துக்குப் போய்விட்டதால், பள்ளிப் புல் திடலில் கற்ற ஆட்டம் மட்டும் போதாது. துன் ரசாக் அரங்கு, புக்கிட் ஜாலில், பண்டமாரான் என்று தளம் தேடிப் போக வேண்டும், கார் வைத்திருக்கும் அப்பா வேண்டும். 1987இல் தொடங்கிய மலேசிய ஹாக்கி லீக் ஆண்டில் சில மாதங்களே நடக்கிறது. தெனாகா நேஷனல், ஆயுதப்படை போன்ற சில அணிகளைத் தவிர்த்தால் நிரந்தர வேலையோடு ஆடும் இடம் குறைவு. எஸ்.பி.எம் முடித்த மகனிடம் 'இன்னும் ஐந்து வருஷம் ஆடிப் பார்' என்று சொல்ல எந்தத் தாய்க்குத் துணிவு வரும்? பையன் பல்கலைக்கழகத்துக்கோ வேலைக்கோ போகிறான். சரியான முடிவுதான். 21க்கும் 24க்கும் நடுவே நாம் ஆட்டக்காரர்களை இழப்பதற்குச் சோம்பலைக் காரணம் காட்டுவது அநியாயம்.

நெதர்லாந்தில் 13 வயதில் முதல் அணிக்குத் தேர்வாகாதவன் மூன்றாவது அணியில் ஆடுகிறான், நான்காவது அணியில் ஆடுகிறான், அதே கழகத்தில், அதே தளத்தில். அந்நாட்டு ஹாக்கி சங்கத்துக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். தாமதமாக வளர்பவன் வளர்ந்து முடிக்கும்வரை விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறான். நம்மிடம் அவ்வளவு தளமும் பணமும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் காசே செலவில்லாத ஒரு வழியும் அதே நாட்டிலிருந்து வந்திருக்கிறது. ஆம்ஸ்டர்டாமின் டேவிட் மன் என்ற ஆய்வாளரும் அவர் சகாவும் பி.எஸ்.வி. ஐந்தோவன் கால்பந்துக் கழகத்தின் தேர்வாளர்களுக்குச் சிறுவர் ஆட்டங்களைக் காட்டித் தரம் பிரிக்கச் சொன்னார்கள். ஒரு குழுவுக்கு வயது விவரம் எதுவும் கொடுக்கவில்லை. இன்னொரு குழுவிடம் பிறந்த தேதிப் பட்டியலைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு, சிறுவர்களின் சட்டை எண்களே வயது வரிசைப்படி இருப்பதாகச் சொன்னார்கள். பட்டியல் கையில் இருந்தும் இரண்டாவது குழு மூத்தவர்களையே உயர்த்தியது. சட்டை எண்ணைப் பார்த்த குழுவிடம் மட்டும் அந்தச் சாய்வு மறைந்தது. ஆடும் நேரத்தில் கண் முன்னால் வயது தெரிந்தால்தான் மூளை அதைக் கணக்கில் எடுக்கிறது.

பள்ளி ஆசிரியர்களுக்கும் மாவட்டப் பயிற்றுநர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த தேர்வு நாளில் சட்டை எண்களைப் பிறந்த தேதி வரிசையில் கொடுங்கள். ஆண்டுக்கு இருமுறை உயரத்தை அளந்து எழுதி வையுங்கள், வேகமாக வளர்பவனின் பயிற்சிச் சுமையைக் குறையுங்கள். தேர்வாகாத பிள்ளைகளின் பட்டியலைக் கிழித்துப் போடாமல், இரண்டு ஆண்டு கழித்து அவர்களை மறுபடியும் அழையுங்கள். பெற்றோர்களே, அந்த அழைப்பு வரும்வரை உங்கள் மகனையும் மகளையும் ஏதாவது ஒரு திடலில் ஆட விடுங்கள்.