வீட்டுக் கணினிக்குக் கட்டற்ற மென்பொருள்: வியாபாரிகள் அறிய வேண்டியவை



விண்டோஸ் 10 இயங்குதளத்திற்குத் தந்துவந்த பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 14-10-2025 அன்றோடு முடித்துக் கொண்டது. தனியே பதிவு செய்து கொள்வோருக்கு மட்டும் ஓராண்டுக் கூடுதல் அவகாசம் கொடுத்தது. நம்மில் பலருடைய வீடுகளில் உள்ள கணினிகள் ஏழெட்டு வருடத்துக்கு முந்தியவை. அவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-ஐ ஏற்பதில்லை. பெட்டி நன்றாக ஓடிக் கொண்டிருக்கும்போதே "புதுசு வாங்கிடுங்க முதலாளி" என்று மெக்கானிக் சொல்கிறார். பெரிய மார்க்கெட் பக்கம் நாலைந்து பேர் இதைப் பற்றி எங்களிடம் கேட்டதால் இந்தக் கட்டுரை.

நாங்கள் கணினி படித்தவர்கள் அல்லர். பள்ளிப் படிப்போடு கடையில் உட்கார்ந்து, அரிசி, பருப்பு மொத்த வியாபாரத்திலேயே வயதைக் கழித்தவர்கள். பட்ட அனுபவத்தைத்தான் சொல்கிறோம்.

2015-ல் வீட்டுக்கு ஒரு கணினி பூட்டிக் கொடுக்கச் சொன்னோம். பூட்டியவர் விண்டோஸையும் ஆபீஸையும் சேர்த்தே போட்டுக் கொடுத்தார். பில்லில் அவற்றுக்கு விலை இல்லை. விலை இல்லாத சரக்கு எப்படி வந்தது என்று கேட்காமல் விட்டது எங்கள் தவறு. எங்கள் கடையில் பில் இல்லாத மூட்டையை இறக்க விட மாட்டோம், வீட்டில் விட்டோம். மகள் கல்யாணத்து மொய்க் கணக்கு முழுவதையும் நோட்டிலிருந்து அதில் ஏற்றினோம். வீடு மாறும்போது நோட்டைக் கரையான் அரித்திருந்ததால் தூக்கிப் போட்டாயிற்று. 2019-ல் ஒரு நாள் காலை கணினியைத் திறந்தால் எல்லாக் கோப்பும் பூட்டப்பட்டு, டாலரில் பணம் கேட்டு ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு. பணம் கட்டவில்லை, கோப்பும் வரவில்லை. கல்யாணப் படங்கள் உறவுக்காரர்களிடம் கொஞ்சம் கிடைத்தன. மொய்க் கணக்கு போனது போனதுதான். யார் 101 எழுதினார், யார் 1,001 எழுதினார் என்று தெரியாமல் அவர்கள் வீட்டு விசேஷத்திற்குப் போய் நிற்பது எவ்வளவு சங்கடம் என்பதை வியாபாரிகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

திருட்டுப் பிரதியில் வந்த கோளாறு என்று பையன்கள் சொன்னார்கள். கோளாறு மட்டுமல்ல, குற்றமும்கூட. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 63-பி பிரிவு, திருட்டு மென்பொருளைத் தெரிந்தே பயன்படுத்துவோருக்கு ஏழு நாள் முதல் மூன்று வருடம் வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. லாபத்துக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்தாதவர்களுக்கு நீதிமன்றம் சிறையை விலக்கலாம். வீட்டில் இரவு கடைக்கணக்குப் பார்க்கிற நமக்கு அந்தச் சலுகை நிச்சயமில்லை.

காசு கொடுத்து வாங்கினாலும் ஒன்றைப் புரிந்து கொள்ள வேண்டும். பத்து மூட்டை துவரம் பருப்பு வாங்கினால் அது நம் சரக்கு. உடைக்கலாம், அரைக்கலாம், பக்கத்துக் கடைக்குக் கைமாற்றாகக் கொடுக்கலாம். மென்பொருளில் நாம் வாங்குவது லைசென்ஸ் மட்டுமே. கிரயம் அல்ல, குத்தகை. அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது, இன்னொருவருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கவும் கூடாது.

இதற்கு மாறாக 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் ஒரு முயற்சியைத் தொடங்கினார். மென்பொருளின் மூலத்தை, அதாவது சாம்பார்ப் பொடிக்கு என்னென்ன எவ்வளவு என்ற பக்குவத்தை, பொடியோடு சேர்த்தே கொடுத்துவிடுவது. யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்ற கருவை எழுதி வெளியிட்டார். இரண்டும் சேர்ந்ததுதான் இன்று லினக்ஸ் என்று நாம் சொல்லும் இயங்குதளம். தமிழில் இவற்றைக் கட்டற்ற மென்பொருள் என்கிறார்கள். இலவச மென்பொருள் என்று சொன்னால் பொருள் குறைந்துவிடும். இலவசமாகக் கொடுத்துவிட்டு மூலத்தைப் பூட்டி வைக்கிறவர்களும் உண்டு.

இது ஏதோ மாணவர் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். 2014 ஏப்ரல் 8-ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, தமிழ்நாடு அரசு தன் துறைகளை பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. பாஸ் என்பது சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. நமது மாஹேயைச் சுற்றியுள்ள கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல வருடங்களாக லினக்ஸில்தான் கணினி பயில்கிறார்கள்.

நம்மூர்க்காரர்களுக்கு நெருக்கமான உதாரணம் பிரான்சு. அந்நாட்டின் ராணுவக் காவல் படையான ஜாந்தார்மரி பல்லாயிரம் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியிருக்கிறது. சொல்தா பென்ஷன் வாங்கும் குடும்பங்கள் உள்ள ஊர் நம்முடையது, அந்தப் படையின் கண்டிப்பு பற்றிப் பெரியவர்களுக்குத் தெரியும். அவர்கள் மாற்றிய முறையைத்தான் கவனிக்க வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் தூக்கிப் போடவில்லை. 2005 வாக்கில் முதலில் எழுதவும் கணக்குப் போடவும் ஓப்பன் ஆபீஸ் கொண்டு வந்தார்கள். பிறகு இணையத்துக்கு ஃபயர்ஃபாக்ஸ், கடிதத்துக்கு தண்டர்பேர்டு. கை பழகிய பின், 2008 முதல்தான் விண்டோஸை எடுத்துவிட்டு உபுண்டு லினக்ஸ் வந்தது.

எங்கள் வீட்டிலும் அப்படியே செய்தோம். விண்டோஸ் இருக்கும்போதே ஓப்பன் ஆபீஸிலிருந்து 2010-ல் பிரிந்து வந்த லிப்ரே ஆபீஸைப் போட்டோம். படம் பார்க்க வி.எல்.சி. இது 1996-ல் பாரிஸ் நகருக்கு அருகே இருந்த பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கியது. நம்மில் பலர் கட்டற்ற மென்பொருள் என்று தெரியாமலேயே இதை வைத்திருக்கிறோம். ஆறு மாதம் கழித்து லினக்ஸ் மின்ட் போட்டோம். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்க முடிவதால், திரை, பிரிண்டர், வைஃபை எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே நிறுவினோம். சாம்பிள் பார்த்து லோடு இறக்குவது போல. நான்கு ஜி.பி. நினைவகம் உள்ள பழைய பெட்டிக்கு அது தாராளமாகப் போதும்.

வீட்டம்மாவுக்கு முதல் வாரம் பிடிக்கவில்லை. "இருந்தது இருந்த இடத்துல இல்ல" என்று சொன்னார்கள். பேரனோ அரை நாளில் பழகிவிட்டான். தமிழ் தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை அதிலேயே இருக்கிறது. 1999-ல் தமிழ்நாடு அரசு ஏற்ற முறை அது. யூனிகோடில் அடிப்பதால் எந்தக் கணினியிலும் அப்படியே படிக்கலாம். முன்பு பாமினி எழுத்தில் அடித்த பத்திரிகை வாசகம் அடுத்த கணினியில் கொக்கி கொக்கியாகத் தெரிந்த தொல்லை இல்லை.

கோப்பு முறையும் முக்கியம். லிப்ரே ஆபீஸ் சேமிக்கும் ஓப்பன் டாக்குமென்ட் வடிவம் 2006-ல் உலகத் தர நிறுவனம் ஏற்ற பொது வடிவம், ஒரு கம்பெனியின் சொத்து அல்ல. ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761 வரை எழுதிய நாட்குறிப்பை இன்றும் படிக்கிறோம். எங்கள் கடையின் 1998-ஆம் வருட ஃபிளாப்பியில் உள்ள வரவு செலவைத் திறக்க ஆளில்லை.

குறையையும் சொல்லிவிட வேண்டும். கடையில் டேலி வைத்திருப்பவர்கள் அந்தக் கணினியைத் தொட வேண்டாம், டேலி விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், சில பில் பிரிண்டர், எடை மெஷின் இணைப்பு இவற்றிலும் தகராறு வரலாம். கடைக்கு உரிய லைசென்ஸ் வாங்கி, பில்லோடு வைத்துக் கொள்வதே சரி. எக்ஸெலில் மேக்ரோ போட்டு வைத்த கணக்குகள் லிப்ரே ஆபீஸில் சில சமயம் ஓடாது. நாங்கள் இப்போது கடையில் விண்டோஸ், வீட்டில் லினக்ஸ் என்று வைத்திருக்கிறோம். ஜி.எஸ்.டி. தளத்தை வீட்டில் ஃபயர்ஃபாக்ஸிலேயே திறந்து பார்த்துக் கொள்கிறோம்.

நிறுவித் தருபவருக்குக் கூலி கொடுங்கள். மென்பொருளுக்கு விலை இல்லை என்பதால் அவர் உழைப்புக்கும் விலை இல்லை என்று ஆகாது. இதில் ஆர்வமுள்ள இளைஞர்கள் நமது ஊரிலும் விழுப்புரத்திலும் இருக்கிறார்கள். தமிழிலேயே படித்துத் தெரிந்து கொள்ள 2012 முதல் வரும் கணியம் இதழ் உண்டு. மாற்றுவதற்கு முன் கணினியில் உள்ளதை எல்லாம் வெளியே ஒரு ஹார்டு டிஸ்கில் பிரதி எடுத்துவிட வேண்டும். இதை மறந்தால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது, லினக்ஸும்தான்.

மொய்க் கணக்கை இப்போது நினைவிலிருந்து மறுபடி எழுதி வருகிறோம். லிப்ரே ஆபீஸில் ஒரு பிரதி, பென் டிரைவில் ஒரு பிரதி, கடை இரும்புப் பெட்டியில் தாளில் ஒரு பிரதி. வீட்டம்மா சொல்லச் சொல்லப் பேரன் ஏற்றுகிறான். பெயர்கள் அநேகமாக வந்துவிட்டன. தொகை எழுத வேண்டிய கட்டங்கள் பல இன்னும் காலியாகவே இருக்கின்றன.