மொரீஷியஸ்: வந்தவர்கள் வாழும் தீவு



என்னிடம் பள்ளியில் பயின்ற இளைஞர் ஒருவர் சில திங்களுக்கு முன் என் இல்லம் வந்திருந்தார். மொரீஷியஸ் தீவில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. "ஐயா, அந்தத் தீவின் பூர்வகுடிகள் எவர்? அவர்கள் மனம் கோணாதபடி நான் நடந்துகொள்ள வேண்டும் அல்லவா?" என்று கேட்டார். நல்ல பண்பிலிருந்து பிறந்த கேள்வி அது. ஆயினும் என் விடை அவரை வியப்பில் ஆழ்த்தியது. அத்தீவுக்குப் பூர்வகுடிகள் என்று எவருமே இல்லை. அங்கு வாழும் ஏறத்தாழ 12½ இலட்சம் மக்களும் கடல் கடந்து வந்தவர்கள், அல்லது அவ்வாறு வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அன்று அவரிடம் கூறியவற்றையே சற்று விரித்து இன்று உங்களுக்குக் கூறுகிறேன்.

முதலில் தேசப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவின் அருகே மடகாஸ்கர் என்னும் பெருந்தீவு தெரிகிறதல்லவா? அதற்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவில், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 20 பாகையில், ஒரு புள்ளியாக நிற்பதே மொரீஷியஸ். அதன் பரப்பு 1,865 சதுர கிலோமீட்டர். கடலடியிலிருந்து எழுந்த எரிமலைகளால் உண்டான நிலம் அது. இன்று அவ்வெரிமலைகள் அவிந்து கிடக்கின்றன. மிக உயர்ந்த சிகரம் 828 மீட்டர். தீவைச் சுற்றிப் பெரும்பாலும் பவளப் பாறைகள் மதில்போல் அமைந்துள்ளன. பேரலைகள் அம்மதிலில் மோதி உடைவதால், உட்புறத்தே கடல் குளம்போல் அமைதியாக இருக்கும்.

தென் கோளத்தில் இருப்பதால் அங்குப் பருவங்கள் நமக்கு மாறாக வரும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெப்பமும் மழையும் மிகுதி. மே முதல் அக்டோபர் வரை இதமான குளிர்காலம். புயல்கள் வருவது வெப்ப காலத்தில்தான். 1960 பிப்ரவரியில் வீசிய 'கரோல்' என்னும் புயல் பல்லாயிரம் வீடுகளைத் தரைமட்டமாக்கியது. அதன் பின்னரே மரத்தாலும் ஓலையாலும் ஆன வீடுகள் குறைந்து, கான்கிரீட் வீடுகள் பெருகின. எனவே, புதிதாகச் செல்பவர் புயல் எச்சரிக்கையை விளையாட்டாகக் கருதலாகாது.

இனி, அத்தீவுக்கு வந்தவர்களின் கதைக்கு வருவோம். 1598-இல் டச்சுக்காரர்கள் அங்கு இறங்கித் தம் இளவரசர் மோரிஸின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அக்காலத்தில் அங்கு 'டோடோ' என்னும் பறவை வாழ்ந்தது. அது புறா இனத்தைச் சேர்ந்தது, ஆனால் பருத்த உடலுடையது, பறக்க இயலாதது. பகையே அறியாத நிலத்தில் அதற்குச் சிறகு எதற்கு? தரையிலேயே முட்டையிட்டு அஞ்சாமல் வாழ்ந்து வந்தது. மனிதர் வேட்டையாடியது ஒருபுறம்; அவர்களோடு கப்பலில் வந்த எலியும் பன்றியும் குரங்கும் முட்டைகளைத் தின்றது மறுபுறம். நூறாண்டு நிறைவதற்குள் டோடோ இவ்வுலகை விட்டே மறைந்தது. கருங்காலிக் காடுகளும் கோடரிக்கு இரையாயின. டச்சுக்காரர் 1710-இல் தீவை விட்டு நீங்கினர். அவர்கள் ஜாவாவிலிருந்து கொணர்ந்த கரும்பு மட்டும் அங்கே நிலைத்துவிட்டது.

அடுத்து 1715-இல் பிரெஞ்சுக்காரர் தீவைக் கைக்கொண்டனர். போர்ட் லூயி துறைமுகம் அவர்கள் காலத்தில் நகரமாக வளர்ந்தது. அதைக் கட்டியெழுப்பியவர்களுள் புதுச்சேரியிலிருந்து சென்ற கைவினைஞர்களும் உண்டு. ஆனால் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். தப்பி ஓடியவர்கள் தென்மேற்கிலுள்ள லெ மோர்ன் மலையில் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1810-இல் ஆங்கிலேயர் தீவைக் கைப்பற்றினர். 1835-இல் அடிமை முறை ஒழிந்தது. உடனே கரும்புத் தோட்டங்களுக்கு வேறு கைகள் தேவைப்பட்டன. 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து கப்பலேறினர். அவர்கள் இறங்கிய இடமாகிய ஆப்ரவாசி காட் இன்று உலகப் பாரம்பரியச் சின்னம். அங்குள்ள கற்படிகளில் கால் வைத்தவர்களுள் நம் தமிழ்நாட்டு ஏழைகளும் இருந்தனர்.

கப்பல்கள் மனிதரை மட்டுமா கொணர்ந்தன? மலேரியாவைப் பரப்பும் கொசுவும் வெளியிலிருந்து வந்து சேர்ந்தது. 1866 முதல் 1868 வரை பரவிய கொள்ளைக் காய்ச்சலில் பல்லாயிரவர் மாண்டனர். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் போராடிய பின், 1973-இல்தான் தீவு மலேரியா ஒழிந்த நாடு என உலக நல நிறுவனம் சான்று அளித்தது.

இவ்விடத்தில் என் மாணவர் சிறிது தயங்கி, "என் தாயார் கறிவேப்பிலைக் கன்று ஒன்றும், கூடை நிறைய மாம்பழமும் கொடுத்தனுப்ப எண்ணியிருக்கிறார்" என்றார். "தாயின் அன்பை நெஞ்சில் எடுத்துச் செல்க, கன்றையும் கனியையும் இங்கேயே விட்டுச் செல்க" என்றேன். முன் அனுமதியின்றிச் செடியோ விதையோ பழமோ கொண்டுவருதல் அங்குச் சட்டத்துக்கு மாறானது. நாம் கண்ணால் காணாத ஒரு பூச்சி அந்த இலையின் அடியில் இருக்கலாம். எலியும் கொசுவும் செய்ததை அதுவும் செய்யலாம் அன்றோ?

1968 மார்ச்சு 12-இல் மொரீஷியஸ் விடுதலை பெற்றது, 1992-இல் குடியரசாயிற்று. மக்கள் வீட்டிலும் தெருவிலும் பேசுவது கிரியோல் மொழி. பள்ளியிலும் அலுவலகத்திலும் ஆங்கிலமும் பிரெஞ்சும் வழங்குகின்றன. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைக் காணலாம். தைப்பூசக் காவடித் திருநாள் அந்நாட்டில் பொது விடுமுறை. ஆயினும் காவடி எடுக்கும் தமிழரில் பலருக்குத் தமிழில் உரையாட வராது. அதைக் கண்டு புதியவர் ஏளனம் செய்தல் தகாது. மொழி நழுவிய பின்னும், ஐந்து தலைமுறையாக வழிபாட்டைக் கைவிடாத உறுதியே நாம் போற்றத் தக்கது.

இழந்தவற்றுள் சிலவற்றை மீட்கவும் அம்மக்கள் முயன்று வருகிறார்கள். 1974-இல் காட்டில் நான்கே நான்காக எஞ்சியிருந்த மொரீஷியஸ் வல்லூறு, அன்பர்கள் பேணியதால் நூற்றுக்கணக்காகப் பெருகியது. பத்து அளவுக்குக் குறைந்துவிட்ட இளஞ்சிவப்புப் புறாவும் பிழைத்துக்கொண்டது. டோடோவுக்குக் கிட்டாத பேறு இவற்றுக்குக் கிட்டியது.

இன்னும் ஒன்று கூறி முடிக்கிறேன். 2020 ஜூலை 25-ஆம் நாள் 'வகாஷியோ' என்னும் கப்பல் தென்கிழக்குப் பவளப் பாறையில் மோதி நின்றது. ஆகஸ்டு மாதத்தில் அதிலிருந்து ஏறத்தாழ 1,000 டன் எண்ணெய் கடலில் கசிந்தது. மக்கள் ஏவலுக்குக் காத்திராமல் கரைக்கு ஓடி வந்தார்கள். கரும்புச் சோகையைத் துணியில் திணித்து நீண்ட மிதவைகளாகத் தைத்து, எண்ணெயைத் தடுக்கக் கடலில் விட்டார்கள். எந்தக் கரும்புக்காகத் தம் முன்னோர் அடிமைகளாகவும் கூலிகளாகவும் கொண்டுவரப்பட்டார்களோ, அந்தக் கரும்பின் சோகையைக் கொண்டே அவர்தம் பேரப் பிள்ளைகள் தீவைக் காக்க முனைந்தார்கள். ஆப்பிரிக்க வழியினர், இந்திய வழியினர், சீன வழியினர், ஐரோப்பிய வழியினர் என்ற வேற்றுமை அந்தக் கரையில் இல்லை.

"அப்படியானால் தீவு யாருக்கு உரியது, ஐயா?" என்று விடைபெறும்போது என் மாணவர் கேட்டார். "அந்தச் சோகையைத் தைத்தவர்களுக்கு உரியது. நீரும் அவர்களோடு அமர்ந்து தைக்கக் கற்றுக்கொண்டால், உமக்கும் அதில் சிறிது உரிமை உண்டு" என்றேன்.