நெய்வேலி: நிலமும் பொருள்வளமும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், தொழில் கருப்பொருளுள் அடங்கும் என்றும் தொல்காப்பியம் கூறும். நிலத்தியல்பு தொழிலை வகுக்கும் என்பது இதனாற் பெறப்படும். ஆயின் நெய்வேலியில் தொழிலை வகுத்தது நிலத்தின் மேற்பரப்பு அன்று, அதன் அடிவளமே.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிற்று; 1961-இல் கரி வெட்டியெடுக்கப்பட்டது; 1962-இல் மின்னுற்பத்தி தொடங்கிற்று. இக்கரியில் ஏறத்தாழப் பாதி ஈரமாதலின், நெடுந்தொலைவு கொண்டுசெல்லல் பயன்தராது. ஆகவே சுரங்கத்தின் அருகிலேயே மின்னிலையமும், அதனைச் சார்ந்து வட்டங்களாக வகுக்கப்பட்ட நகரமும் எழுந்தன.

கரிப்படுகையின் கீழுள்ள நீர் மிகுந்த அழுத்தமுடையது. அதனை இடையறாது இறைத்தாலன்றிச் சுரங்கத்தின் அடித்தளம் நில்லாது. சுரங்கநீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரியை அடைந்து வயல்களுக்குப் பாய்கின்றது. எனினும், சுரங்கம் விரியுந்தோறும் மருதம் சுருங்குகின்றது. 2023-இல் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற நிலத்தில் கால்வாய் வெட்டப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு இதற்குச் சான்று.

வேலி என்னும் சொல் காவலையும் நிலவளவையையும் குறிக்கும். இவ்வூரின் பொருள்வளத்தை ஆராய்வார், பெற்ற மின்னாற்றலோடு இழந்த வேலிகளையும் ஒருங்கு எண்ணுதல் வேண்டும்.