நீல மூடிக் குழாய்க்குள் நடக்கும் இழுபறி

ஓடும்போது உறையக் கூடாது, காயம் பட்டால் உறைந்தே ஆக வேண்டும். இரண்டையும் நம் ரத்தம் எப்படித்தான் சமாளிக்கிறதோ! ரத்த உறைவு ஆய்வகத்துக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டால், அந்த இழுபறியின் அழகில் சொக்கிப்போவீர்கள்.

முதலில் அந்த நீல மூடிக் குழாயைப் பாருங்கள். அடியில் கொஞ்சம் சிட்ரேட் கரைசல். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு என்பது கணக்கு. ரத்தம் குழாயில் போட்டிருக்கும் கோட்டைத் தொடாவிட்டால் மறுபடி ஊசிதான். சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் உறைவு நின்றுவிடுகிறது. சுழற்றியதும் மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்கிறது பிளாஸ்மா. அதற்குக் கால்சியத்தைத் திருப்பிக் கொடுத்து, உறைவைத் தூண்டும் பொருளையும் சேருங்கள். சில நொடிகளில் ஃபைப்ரின் இழைகள் பின்னிக்கொள்கின்றன!

இந்த நாடகத்தில் அட்ரீனல் சுரப்பி தரும் கார்டிசால் ஹார்மோனுக்கு என்ன வேலை? வேறு எதற்கோ சிடி ஸ்கேன் எடுத்தவருக்கு அட்ரீனல் சுரப்பியில் சிறு கட்டி தற்செயலாகத் தென்படும். பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. இரவு 11 மணிக்கு 1 மி.கி. டெக்ஸாமெதசோன் மாத்திரை கொடுத்து, காலை 8 மணிக்கு ரத்தம் எடுப்பார்கள். கார்டிசால் அடங்கியிருக்க வேண்டும். டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமைத் தாண்டினால், கட்டி தன்னிச்சையாகச் சுரக்கிறதோ என்று சந்தேகிப்பார்கள். கார்டிசால் மிகுதியால் வரும் குஷிங் நோயின் வட்ட முகமோ வயிற்றில் ஊதா வரிகளோ இவர்களிடம் இருக்காது. வெளியே ஒன்றுமே தெரியாத மிகை!

எனக்கு மிகவும் பிடித்த இடம் ரத்தக் குழாயின் உள்சுவர். அதன் செல்களுக்குள் குச்சி வடிவப் பைகள் கிடக்கின்றன. 1964இல் வைபல், பலாடே என்ற ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு சொன்னவை. உள்ளே சுருண்டிருப்பது வான் வில்லிபிராண்ட் காரணி என்ற நீளமான புரதம். தட்டணுக்களைக் காயத்தில் ஒட்டவைப்பதும், ரத்தம் உறைய உதவும் எட்டாம் காரணி சிதையாமல் காப்பதும் அதுதான். கார்டிசால் கூடினால் இந்தப் புரதத்தின் உற்பத்தி கூடும், எட்டாம் காரணியும் சேர்ந்து ஏறும். இன்னொரு பக்கம் உறைகட்டியைக் கரைக்கும் வேலைக்கு முட்டுக்கட்டை போடும் பிஏஐ-1 பெருகுகிறது. கட்டுவது வேகமாகிறது, கரைப்பது மந்தமாகிறது.

உடம்பு சும்மா இருக்குமா? குஷிங் நோயாளிகள் சிலரிடம் புரோட்டீன் சி, ஆன்டித்ராம்பின் போன்ற தடுப்புப் புரதங்களும் கூடியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஈடுகட்டப் பார்க்கிறது, பாவம்! ஆனாலும் முற்றிய குஷிங் நோயில் கால் சிரையிலும் நுரையீரலிலும் ரத்தம் கட்டும் அபாயம் பத்து மடங்குக்கு மேல்.

லேசான மிகையில் ஆய்வு முடிவுகள் ஒரே குரலில் பேசவில்லை. உடல் பருமன், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் கூடவே வருவதால் கார்டிசாலின் பங்கைப் பிரிப்பது கடினம். த்ராம்பின் உருவாக்கச் சோதனை கைகொடுப்பது இங்கேதான். பிளாஸ்மாவில் ஒளிரும் பொருளைக் கலந்து, ஃபைப்ரினை உருவாக்கும் த்ராம்பின் மலை போல ஏறி இறங்குவதைத் திரையில் பார்க்கலாம். ரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கும் த்ராம்போமாடுலின் என்ற புரதத்தைச் சேர்த்தால் புரோட்டீன் சி விழித்து மலையைத் தணிக்க வேண்டும். எட்டாம் காரணி மிகுந்த பிளாஸ்மாவில் மலை அவ்வளவாகத் தணியாது. வழக்கமான உறைவு நேரப் பரிசோதனையில் தெரியாத சாய்வு, இங்கே கண்ணெதிரே தெரிகிறது!

குஷிங் நோயாளிகளுக்குக் கட்டியை அகற்றியதும் கார்டிசால் சட்டென்று இறங்கும், உறைவுக் காரணிகள் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. அறுவை முடிந்தபின்னும், உறைவைத் தடுக்கும் ஹெபரின் ஊசியைச் சில வாரங்கள் தொடர்வது அதற்காகத்தான்.