'எட்டு' போட்டாச்சு... பிரேக் பிடிக்கத் தெரியுமா? டெல்டா ரோட்டில் புதிதாக வண்டி ஓட்டுபவர்களுக்கு!

டூவீலர் ஓட்டக் கற்றுக்கொள்ளும் யாரையும் ஊரில் விட்டுவைப்பதில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பது ஒரே கேள்விதான், "எட்டு போட்டாச்சா?" காலைக் கீழே ஊன்றாமல் எட்டைச் சுற்றி வந்துவிட்டால் லைசென்ஸ் கைக்கு வந்த மாதிரி. ஆனால், ஒரத்தநாடு ரோட்டிலும் திருவையாறு பக்கமும் யாரும் எட்டு போடச் சொல்வதில்லை. அங்கே எதிரே வருவது பஸ், டிராக்டர், அறுவடை மெஷின். போதாததற்கு, பாதி ரோட்டில் காயும் நெல்!

எட்டு வீண் என்று சொல்ல முடியாது. மெதுவாகப் போகும்போது வண்டியைச் சாயாமல் வைத்திருப்பதும், திரும்ப வேண்டிய பக்கம் முதலில் பார்வையைத் திருப்புவதும் அதில்தான் பழகும். முன்சக்கரத்தையே குனிந்து பார்ப்பவர்கள்தான் பெரும்பாலும் காலை ஊன்றுகிறார்கள். ஆனால், 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-வது விதி, அவசரத்தில் வண்டியை நிறுத்தத் தெரிகிறதா என்பதையும் டெஸ்ட்டில் பார்க்கச் சொல்கிறது. நம் மனதில் எட்டு மட்டும் தங்கிவிட்டது.

பிரேக் விஷயத்தில் புதியவர்களுக்குச் சொல்லப்படும் முதல் அறிவுரையே பாதி தப்பு. "முன் பிரேக்கைத் தொடாதே, கவிழ்த்துவிடும்" என்பார்கள். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. அதனால், நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்குத்தான். கவிழ்ப்பது முன் பிரேக் அல்ல, பதறிப்போய் அதை வெடுக்கென்று இழுப்பது. ஹேண்டில் நேராக இருக்க, இரண்டு பிரேக்கையும் சேர்த்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல மெல்ல ஆரம்பித்து இறுக்க வேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் 125 சிசி-க்கு மேல் ஏ.பி.எஸ் கட்டாயம். அதற்குக் கீழே உள்ளவற்றில் குறைந்தபட்சம் சி.பி.எஸ் இருக்கும். இவை உதவும்தான். ஆனால், பழைய வண்டியை வாங்கிப் பழகுபவர்களுக்குக் கைதான் எல்லாம்.

இன்னொரு சங்கடம், ஆக்ஸிலரேட்டரும் முன் பிரேக்கும் ஒரே கையில் இருப்பது. நாய் குறுக்கே ஓடினால் பயத்தில் கை இறுகும். மணிக்கட்டு மடங்கியிருந்தால் ஆக்ஸிலரேட்டரும் சேர்ந்து முறுகி, நிற்க வேண்டிய வண்டி பாய்ந்துவிடும். மணிக்கட்டை நேராக வைத்து, இரண்டு விரலை பிரேக் லீவர் மேலேயே வைத்துப் பழகினால் இந்த ஆபத்து குறையும். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் கடந்துவிடும். விரலைத் தேடிக்கொண்டிருக்க அங்கே நேரம் ஏது?

இப்போது நெல்லுக்கு வருவோம். குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில். சம்பா ஜனவரி, பிப்ரவரியில். நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. களம் போதாத ஊர்களில் தார் ரோடுதான் களம். ஒரு மழை வந்தால் போகமே போய்விடும் என்று தவிக்கும் விவசாயியிடம் சண்டை போட்டு என்ன பயன்? நெல்மேல் சக்கரம் ஏறுவது, தரையில் கொட்டிய கடுகின்மேல் கால் வைப்பது போலத்தான். அதனால் நெல்லுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். நெல்மேல் ஏறிய பிறகு பிரேக்கும் வேண்டாம், சாய்வதும் வேண்டாம், ஹேண்டிலை நேராகப் பிடித்துக் கடந்துவிடுங்கள். எதிரே பஸ் வந்தால் இந்தப் பக்கமே நின்றுவிடுவது நல்லது. ராத்திரியில் தார்ப்பாய் போட்டு மூடி, ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். தெருவிளக்கு இல்லாத இடத்தில் அந்தக் கல் கடைசி நொடியில்தான் கண்ணில் படும். வயலிலிருந்து ஏறும் டிராக்டர் உதிர்த்துவிட்டுப் போகும் சேறும் இதே ரகம்தான்.

பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். 2018-ல் வந்த அம்மா இருசக்கர வாகனத் திட்டம், வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் தந்தது. லைசென்ஸ் கேட்டதால் எல்.எல்.ஆர் எடுக்கக் கூட்டம் அலைமோதியது. சைக்கிள் தெரிந்தவருக்குப் பேலன்ஸ் பிரச்னை இல்லை. வண்டியின் எடையும் வேகமும்தான் புதுசு.

பையன்கள் கதை வேறு. 16 வயதில் ஓட்டலாம் என்று சட்டம் சொல்வது 50 சிசி-க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டியை மட்டும். வீட்டில் நிற்கும் எக்ஸ்.எல் 100 அதில் சேராது. 18 வயது ஆகாத பிள்ளை ஓட்டிச் சிக்கினால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டுகள் வரை சிறை. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடையாது.

எல்.எல்.ஆர் வாங்கி 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட்டுக்குப் போக முடியும். அந்த 30 நாளில் பாதியை பிரேக்குக்குக் கொடுக்கலாம். ஆளில்லாத மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, முதலில் 15 கிலோமீட்டர் வேகத்தில் வந்து கோட்டில் நிறுத்துங்கள். பிறகு 20, பிறகு 30. அந்தப் பக்கம் லைசென்ஸ் உள்ள ஒருவர் நின்று, நீங்கள் தலையைக் குனிகிறீர்களா என்று மட்டும் பார்த்துச் சொன்னால் போதும்.