இயந்திரம் நின்றால் கணக்கும் நிற்குமா?

சங்கத்தின் உயிர்நாடி அதன் கணக்கு என்பது அங்கத்தினர் யாவரும் அறிந்ததே. முன்னாளில் அக்கணக்கு சிட்டையிலும் பேரேட்டிலும் இருந்தது; இன்று பல சங்கங்களில் கணிப்பொறியில் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டில், 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறி மயமாக்க மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. பேரேட்டைக் கரையான் அரிக்காமல் காக்க நம் முன்னோர் அறிந்திருந்தனர். கணிப்பொறி ஒரு நாள் காலை விழிக்க மறுத்தால் செய்ய வேண்டியது யாது என்பதை நாமும் அறிந்திருத்தல் வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்திற்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தேன். அன்று கூலிப் பட்டுவாடா நாள். வாசலில் நெசவாளர்கள் நெய்த சேலைகளுடன் காத்திருந்தனர். உள்ளேயோ, கணிப்பொறித் திரையில் ஒரு சிறு வட்டம் சுழன்றுகொண்டேயிருந்தது. விசாரித்ததில் விஷயம் விளங்கிற்று. முந்தின நாள் மாலை இயங்குதளத்தின் புதுப்பிப்பு நடந்துகொண்டிருந்தது. 'நிறுத்தாதீர்கள்' என்ற அறிவிப்பு திரையில் இருக்கும்போதே, அலுவலகத்தைப் பூட்டும் அவசரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள்.

பழுது பார்க்க வந்தவர், "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்" என்றார். காரியதரிசியும் இசையும் தறுவாயில் இருந்தார். கணக்குக்குக் கடைசியாகப் பிரதி எடுத்தது எப்போது என்று கேட்டேன். நான்கு மாதங்களுக்கு முன் என்றார். நான்கு மாதத்துக் கூலியும் சிக்கன நிதிப் பிடித்தமும் அந்த ஒரு பெட்டியினுள் இருந்தன!

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி பாவையே அறுத்தெறிவதில்லை. அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிகிறார். இங்கும் அதுவே முறை.

கணிப்பொறி கிளம்புவது, கிணற்று நீர் வாய்க்காலையும் மடையையும் கடந்து பாத்திக்கு வருவதைப் போன்றது. மின்சாரம் வந்ததும் தாய்ப்பலகையில் பதிந்துள்ள சிறு நிரல் முதலில் விழிக்கிறது. அது வட்டிலுள்ள தொடக்க நிரலை எழுப்புகிறது; அந்நிரல் விண்டோஸ் போன்ற இயங்குதளத்தை எழுப்புகிறது. புதுப்பிப்பு என்பது இயங்குதளத்தின் பழைய கோப்புகளை அகற்றிப் புதியவற்றை வைக்கும் வேலை. அது பாதியில் நின்றால் பழையதும் புதியதும் கலந்து ஒன்றோடொன்று பொருந்தாமற் போகலாம். அடைபட்டது மடை, கிணறு வற்றவில்லை. கணக்குக் கோப்புகள் பெரும்பாலும் வட்டில் இருந்தபடியே இருக்கும். அழித்துப் போடுவதே அவற்றுக்கு உண்மையான ஆபத்து.

விண்டோஸ் உள்ள கணிப்பொறியாயின் செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் கூறுகிறேன். முதலில் பொறுமை வேண்டும். புதுப்பிப்பு முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆவதுண்டு. நெடுநேரமாகியும் அசைவில்லையெனில், அச்சுப்பொறி, பென்டிரைவ் முதலியவற்றைக் கழற்றிவிட்டு, மின்பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி நிறுத்துக. மீண்டும் இயக்கி, கிளம்பும்போதே அவ்வாறு நிறுத்துக. இரண்டு மூன்று முறை இப்படித் தடைப்பட்டால், பழுது நீக்கும் திரை தானே தோன்றும். அதில் 'ட்ரபுள்ஷூட்', பின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று செல்க. 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' தொடக்கக் கோப்புகளைச் சீர்செய்ய முயலும். பலிக்காவிட்டால், 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' என்பது கடைசியாக வந்த புதுப்பிப்பை அகற்றும். அதுவும் பலிக்காவிட்டால், இன்றியமையாதவற்றை மட்டும் கொண்டு கிளம்பும் 'சேஃப் மோடு' உண்டு. 'ரீசெட்' என்பதை மட்டும் அவசரப்பட்டுத் தொடலாகாது. கோப்புகளை வைத்துக்கொள்ளுமாறு கட்டளையிட்டாலும், நாம் நிறுவிய கணக்கு நிரலை அது நீக்கிவிடும்.

நாங்கள் இவ்வழியே சென்றபோது புதிய தடை ஒன்று எதிர்ப்பட்டது. வட்டு பூட்டப்பட்டிருந்தது, 48 இலக்கத் திறவெண்ணைத் திரை கேட்டது. வேலையை விட்டு வெளியூர் சென்றிருந்த பழைய எழுத்தரின் சொந்தக் கணக்கில் அது இருந்தது! தொலைபேசியில் அவர் ஒவ்வோர் இலக்கமாகப் படிக்க, காரியதரிசி எழுதிக்கொண்டார். புதுப்பிப்பை அகற்றினோம், கணிப்பொறி விழித்தது. மாலைக்குள் கூலி பட்டுவாடாவாயிற்று. அந்த எழுத்தர் மறுத்திருந்தால், அல்லது கிடைக்காமற் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்கவும்.

இது சிறு சங்கங்களுக்கு மட்டும் நேரும் துன்பமன்று. 2024 ஜூலை 19-ஆம் நாள், 'கிரவுட்ஸ்ட்ரைக்' என்னும் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான புதுப்பிப்பால், உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் கிளம்ப மறுத்தன. வங்கிகளும் மருத்துவமனைகளும் இடர்ப்பட்டன. இந்திய விமான நிலையங்களில் விமானமேறும் அனுமதிச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தனர். சேஃப் மோடில் புகுந்து பழுதான கோப்பை நீக்குவதே பரிகாரமாயிருந்தது. வட்டு பூட்டப்பட்டிருந்த இடங்களில் அங்கும் அதே 48 இலக்கத் திறவெண் தேவைப்பட்டது.

இவற்றைக் கண்டு அஞ்சி, புதுப்பிப்பே வேண்டாம் என்று இருப்பதும் தவறு. திருடர் புகும் துவாரங்களை அடைப்பவை அவையே. விண்டோஸ் 10-க்குரிய வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டதையும் நிர்வாகிகள் கவனிக்க வேண்டும்.

ஆகவே, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் மூன்று தீர்மானங்களை நிறைவேற்றுவது நலம். ஒன்று, வாரந்தோறும் கணக்குக்கு இரு பிரதிகள் எடுத்து, ஒன்றைச் சங்கக் கட்டடத்துக்கு வெளியே வைத்தல். இரண்டு, திறவெண்ணை எழுதி முத்திரையிட்ட உறையில் சங்கப் பெட்டகத்தில் வைத்தல். மூன்று, பட்டுவாடாவுக்கு முந்தின நாள் புதுப்பிப்பு செய்யாதிருத்தல். செய்யும் நாளில் யூ.பி.எஸ். இணைப்பு இருக்கச் செய்தல். கணிப்பொறியே எழாவிட்டாலும், வேறொரு பென்டிரைவிலிருந்து அதை இயக்கிக் கோப்புகளைப் பிரதி எடுத்த பிறகே, அழிக்க அனுமதி தர வேண்டும்.

இயந்திரம் பழுதானால் வேறு வாங்கலாம். அங்கத்தினரின் உழைப்பைச் சொல்லும் கணக்கை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. அதன் திறவுகோல் ஒருவர் சட்டைப்பையில் இருத்தலாகாது. அது சங்கத்தின் சொத்து.