தொலைவைச் சுருக்கும் குழி லென்ஸ்

கார்த்திகை, மார்கழி மாதங்களில் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் போய் நின்றால், நீருக்குள் நிற்கும் மரங்கள் வெள்ளையாகப் பூத்திருப்பது போலத் தோன்றும். அவை பூக்களல்ல, நாரைகளும் கொக்குகளும் கூழைக்கடாக்களும்தான்! கரையிலோ கோபுரத்திலோ நின்றுதான் அவற்றைப் பார்க்க வேண்டும். ஏரிக்குள் இறங்கக் கூடாது. கூட்டை ஒருவர் நெருங்கினால் தாய்ப் பறவை எழுந்து பறந்துவிடும். அது திரும்பி வருவதற்குள் முட்டையும், இறகு முளைக்காத குஞ்சும் வெயிலில் கிடந்து வாடும். காக்கைகளோ இந்தச் சமயத்துக்காகவே காத்திருக்கும். ஒரு புகைப்படத்துக்காக ஒரு கூடே அழிந்து போகலாம். இயற்கைப் புகைப்படப் போட்டிகள் சிலவற்றில் கூட்டுப் படங்களை இப்போது ஏற்பதே இல்லை.

ஆகவே படம் எடுப்பவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். பிம்பத்தைத்தான் பெரிதாக்க வேண்டும். எவ்வளவு பெரிதாக்கலாம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு மீட்டர் உயரமுள்ள நாரை 50 மீட்டர் தொலைவில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். காமிராவின் லென்ஸ் 400 மி.மீ. குவியத் தூரம் உடையது. தொலைவிலுள்ள பொருளுக்கு, பிம்பத்தின் உயரம் ஏறக்குறைய பொருளின் உயரத்தைக் குவியத் தூரத்தால் பெருக்கித் தொலைவால் வகுத்தால் கிடைக்கும். அதாவது 8 மி.மீ. பழைய பிலிம் சட்டத்தின் அளவான 36 மி.மீ.க்கு 24 மி.மீ. உணர்தகட்டில் இது உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. மோசமில்லை. ஆனால் 16 செ.மீ. நீளமே உள்ள சின்ன மீன்கொத்தி 20 மீட்டர் தொலைவில் ஒரு குச்சியில் உட்கார்ந்திருந்தால்? 3.2 மி.மீ.தான் வரும். ஓர் அரிசியின் பாதி நீளம்!

குவியத் தூரத்தை இரட்டித்தால் பிம்பமும் இரட்டிக்கும். ஆனால் 800 மி.மீ. லென்ஸ் என்பது பெரும்பாலும் பீரங்கி போன்ற பொருள், விலையும் அப்படியே. இந்த இடத்தில்தான் டெலிகன்வர்ட்டர் வருகிறது. லென்சுக்கும் காமிராவுக்கும் நடுவில் பொருத்தப்படும் சிறு குழாய் அது. 1.4 மடங்கு, 2 மடங்கு என்று இருவகை பெரிதும் புழக்கத்தில் உள்ளன. 400 மி.மீ. லென்சை முன்னது 560 மி.மீ. ஆக்கும், பின்னது 800 மி.மீ. ஆக்கும்.

உள்ளே என்ன இருக்கிறது?

பல லென்சுகள் சேர்ந்த ஒரு தொகுதி இருக்கிறது. ஆனால் மொத்தத்தில் அது ஒரு குழி லென்ஸ்தான். குழி லென்ஸ் ஒளியை விரிக்கும் என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள். விரிக்கும் லென்ஸ் எப்படிப் பெரிதாக்கும்? பள்ளி ஆய்வகத்திலேயே செய்து பார்த்துவிடலாம்.

20 செ.மீ. குவியத் தூரமுள்ள குவி லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அறையின் ஒரு கோடியில் நின்று, எதிர்ப்பக்கத்துச் சன்னலின் பிம்பத்தை ஒரு வெள்ளை அட்டையில் விழச் செய்யுங்கள். அட்டை லென்சிலிருந்து சுமார் 20 செ.மீ. தொலைவில் இருக்கும்போது பிம்பம் தெளிவாக விழும். (சூரியன் பக்கம் மட்டும் லென்சைத் திருப்பவே கூடாது.) இப்போது 25 செ.மீ. குவியத் தூரமுள்ள ஒரு குழி லென்சை, முதல் லென்சிலிருந்து 7.5 செ.மீ. பின்னால் பிடியுங்கள். கிட்டப்பார்வைக்காரரின் ‘மைனஸ் 4’ கண்ணாடியும் இதற்கு உதவும். அட்டையில் பிம்பம் கலைந்துவிடும். அட்டையை மெல்லப் பின்னால் நகர்த்துங்கள். குழி லென்சிலிருந்து 25 செ.மீ. தொலைவை அடையும்போது சன்னல் மீண்டும் தெளிவாகத் தெரியும், முன்பைப் போல் இரண்டு மடங்கு பெரிதாக!

நடந்தது இதுதான். குவிந்து வந்த கதிர்கள் குழி லென்ஸ் இல்லாவிட்டால் இன்னும் 12.5 செ.மீ. சென்று ஒரு புள்ளியில் கூடியிருக்கும். குழி லென்ஸ் அவற்றின் குவிதலைத் தளர்த்திவிட்டது. ஆகவே அவை 25 செ.மீ. போய்த்தான் கூடின. 12.5க்குப் பதில் 25. எனவே பெருக்கம் 2. முதல் லென்சிலிருந்து அட்டை வரை 32.5 செ.மீ.தான் இருக்கிறது, ஆனால் கிடைப்பதோ 40 செ.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸ் தரும் பிம்பம். குழாய் சிறிதாக, குவியத் தூரம் பெரிதாக இருப்பதன் இரகசியம் இதுவே.

இது புதிய கண்டுபிடிப்பன்று. ஆங்கிலேயக் கணித அறிஞர் பீட்டர் பார்லோ, தொலைநோக்கியில் இப்படிக் குழி லென்சைப் பயன்படுத்துவது பற்றி 1834-ல் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். வானியல் அன்பர்கள் இன்றும் ‘பார்லோ லென்ஸ்’ என்ற பெயரில் அதை வாங்குகிறார்கள். சந்திரனின் பள்ளங்களைப் பார்க்கும் லென்சும் மீன்கொத்தியைப் படமெடுக்கும் லென்சும் ஒரே குடும்பம்.

பெரிய தோசை, மெல்லிய தோசை

சோதனையில் இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். பெரிதான சன்னல் மங்கலாகவும் இருந்தது. ஒரு கரண்டி மாவைக் கல்லில் அகலமாகத் தேய்த்தால் தோசை பெரிதாகும், ஆனால் மெலிந்துவிடும். மாவு அதே ஒரு கரண்டிதானே! முன் லென்ஸ் வாங்கும் ஒளி மாறவில்லை. பிம்பம் நீளத்தில் 2 மடங்கு, அகலத்தில் 2 மடங்கு, பரப்பில் 4 மடங்காகிவிட்டது. எனவே ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கில் ஒரு பங்கு ஒளியே கிடைக்கும். 1.4 மடங்குக் கருவியில் பரப்பு சுமார் 2 மடங்கு, ஒளி பாதி. (1.4 என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது? 2-ன் வர்க்கமூலம் அது.)

காமிராக்காரர்கள் இதை எஃப் எண்ணால் சொல்வார்கள். குவியத் தூரத்தை லென்ஸ் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். எஃப் 5.6 லென்ஸ், 1.4 மடங்குக் கருவியுடன் எஃப் 8 ஆகும். 2 மடங்குக் கருவியுடன் எஃப் 11 ஆகும்.

இத்துடன் நஷ்டம் முடிந்துவிடவில்லை. பிம்பம் பெரிதானால் கைநடுக்கமும் அதே அளவு பெரிதாகும். 400 மி.மீ. லென்சுக்கு விநாடியில் 400-ல் ஒரு பங்கு நேரம் திறந்தால் போதும் என்றால், 800 மி.மீ.க்கு 800-ல் ஒரு பங்காவது வேண்டும். ஒளி நான்கில் ஒன்று, நேரம் பாதி. ஆக உணர்தகட்டுக்கு எட்டில் ஒரு பங்கு ஒளியே சேருகிறது. ஐ.எஸ்.ஓ. 400 போதுமாயிருந்த காலை வெளிச்சத்தில் 3,200 தேவைப்படும். படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் தோன்றுவது இதனால்தான். நடுக்கத்தைத் தணிக்கும் அமைப்பு இப்போதைய லென்சுகள் பலவற்றில் உண்டு. அது நம் கையைத்தான் அடக்கும். பறவையின் சிறகை அடக்காது.

ஜூம் லென்சுடன் சேர்ந்தால்?

ஜூம் லென்சுக்குள் சில லென்ஸ் தொகுதிகள் முன்னும் பின்னும் நகர்ந்து குவியத் தூரத்தை மாற்றுகின்றன. 35 மி.மீ. புகைப்படக் காமிராவுக்கென முதலில் விற்பனைக்கு வந்த ஜூம் லென்ஸ், 1959-ல் வெளியான ஃபோக்ட்லெண்டர் ஜூமார். அதன் வீச்சு 36 முதல் 82 மி.மீ. வரைதான். இன்றோ 100–400, 150–600 மி.மீ. எல்லாம் சாதாரணமாகிவிட்டன. எல்லாக் குவியத் தூரத்துக்கும் பொருந்த வேண்டியிருப்பதால் ஜூம் லென்ஸ் எப்போதும் ஒரு சமரசமே. அதிலும் பல லென்சுகள் தம் நீண்ட முனையில் சற்றே கூர்மை குறைந்திருக்கும். டெலிகன்வர்ட்டர் தேவைப்படுவதோ அந்த நீண்ட முனையில்தான்! குழி லென்ஸ் பறவையை மட்டும் பெரிதாக்காது; முன் லென்சின் குறைகளையும் சேர்த்தே பெரிதாக்கும்.

ஆகவே எந்த ஜூம் என்பது முக்கியம். 70–200 மி.மீ., எஃப் 2.8 என்ற வகை கூர்மையானது, ஒளியும் தாராளம். 2 மடங்குக் கருவியுடன் அது 140–400 மி.மீ., எஃப் 5.6 ஆகும். இது நல்ல பேரம். ஏற்கெனவே எஃப் 6.3-ல் முடியும் 150–600 மி.மீ. லென்சில் அதே கருவியைப் பொருத்துவது, என் கருத்தில், பெரும்பாலும் வீண் செலவு.

சில ஜூம்களில் இடிக்கும் தொல்லையும் உண்டு. டெலிகன்வர்ட்டரின் முன்பகுதி லென்சுக்குள் சற்று நுழைந்து நிற்கும். கேனன் நிறுவனத்தின் ஆர்.எஃப். 100–500 மி.மீ. லென்சில் அதைப் பொருத்தினால் 300 முதல் 500 மி.மீ. வரை மட்டுமே ஜூம் செய்யலாம். அதற்குக் கீழே வர முடியாது. தொலைவில் நின்ற யானை திடீரென்று அருகே வந்துவிட்டால், படத்தில் யானையின் காது மட்டும்தான் அடங்கும்! கருவியைக் கழற்றி மாட்ட நேரம் ஏது? இதற்காகவே கேனன் 2013-ல் 200–400 மி.மீ., எஃப் 4 லென்ஸ் ஒன்றில் 1.4 மடங்குத் தொகுதியை உள்ளேயே வைத்து வெளியிட்டது. நெம்புகோலைத் தட்டினால் 280–560 மி.மீ., எஃப் 5.6 ஆகிவிடும். நிக்கான் 2018-ல் இதே முறையில் 180–400 மி.மீ. லென்சைக் கொண்டுவந்தது. விலையைக் கேட்டால் நமக்குத் தூக்கம் வராது.

தானாகக் குவியப்படுத்தும் அமைப்பும் தடுமாறும். லென்சின் இடது ஓரத்தின் வழியாக வரும் பிம்பத்தையும் வலது ஓரத்தின் வழியாக வருவதையும் ஒப்பிட்டு அது தொலைவை அறிகிறது. நம் இரு கண்களைப் போல. எஃப் எண் கூடக்கூட அந்த இரண்டு ‘கண்களும்’ நெருங்கிவிடுகின்றன. அதனால்தான் உள்ளே கண்ணாடி வைத்த எஸ்.எல்.ஆர். காமிராக்கள் பலவற்றில் எஃப் 5.6-க்கு மேல் அது வேலை செய்யாது; சிலவற்றில் எஃப் 8 வரை நடுப்புள்ளி மட்டும் செய்யும். கண்ணாடியில்லாத புதுக் காமிராக்களில் உணர்தகடே இந்த வேலையைச் செய்வதால் எஃப் 11-லும் அதற்கு அப்பாலும் கூடச் சமாளிக்கின்றன.

வெட்டினால் போதாதா?

படத்தை எடுத்த பிறகு தேவையான பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள் கொண்ட நம் உணர்தகட்டில் ஒரு புள்ளியின் அகலம் 0.006 மி.மீ. நம் மீன்கொத்தியின் நீளத்தில் 533 புள்ளிகள் விழும். 2 மடங்குக் கருவியுடன் 1,066. வெட்டுவதால் இந்தப் புதிய புள்ளிகள் கிடைக்கா. ஆனால் புள்ளிகள் கூடுவதால் மட்டும் விவரம் கூடிவிடாது. ஒளி அலையாக இருப்பதால், மிகச் சிறந்த லென்சும் ஒரு நட்சத்திரத்தைப் புள்ளியாகக் காட்டாது. சிறு வட்டாகவே காட்டும். எஃப் 11-ல் பச்சை ஒளிக்கு அந்த வட்டின் விட்டம் சுமார் 0.015 மி.மீ.; அதாவது இரண்டரைப் புள்ளி. லென்ஸ் கூர்மையானதாக இருந்தால், இவ்வளவுக்கும் பிறகு இறகின் வரிகள் வெட்டிய படத்தைவிடச் சற்றுத் தெளிவாகவே கிடைக்கும். சுமாரான லென்சில் இரண்டும் ஒன்றுதான். ஒரே இடத்தில் நின்று, முக்காலியில் வைத்து, ஒரு செய்தித்தாளை இரு விதமாகவும் எடுத்து ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நண்பகலில் அந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று கானல் போல நெளியும். எந்த லென்சாலும் அதை வெல்ல முடியாது. ஏரிக்கரையில் வெயில் ஏறிய பிறகு 800 மி.மீ.யில் எடுத்த நாரை தண்ணீருக்கடியில் நிற்பது போலிருப்பதும் இதனால்தான்.

பலருக்குத் தெரியாத ஒரு நன்மையும் உண்டு. டெலிகன்வர்ட்டர் பொருத்தினாலும், லென்ஸ் எவ்வளவு அருகில் குவியப்படுத்துமோ அந்தத் தூரம் ஏறக்குறைய மாறுவதில்லை. பிம்பம் மட்டும் பெரிதாகிறது. எனவே ஒரு மீட்டர் தூரத்தில் செம்பருத்திச் செடியில் அமர்ந்த வண்ணத்துப்பூச்சியை, அது பறந்துவிடாமல், முன்னிலும் பெரிதாக எடுக்கலாம்.

மறுபடி ஆய்வகத்துக்குப் போகும்போது ஒரு கணக்கு: அதே குழி லென்சை எங்கே பிடித்தால் பெருக்கம் 2-க்குப் பதில் 1.4 ஆகும்? முதல் லென்சை நோக்கி நகர்த்த வேண்டுமா, அட்டையை நோக்கியா? முதல் லென்சிலிருந்து 13 செ.மீ.க்குச் சற்று அருகே வைத்துப் பாருங்கள்.